எலும்புக் கட்டிப் பதிவேடு: எங்கள் லேபில் ஏன் இவ்வளவு ஜயன்ட் செல் ட்யூமர்?

செவ்வந்தி_லேப்:

வணக்கம். நான் டாக்டர் இல்லை, தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேத்தாலஜி லேப் டெக்னீஷியன். எலும்பு பயாப்ஸி வந்தால் ஃபார்மலினில் ஊறவைத்து, ஆசிடில் போட்டுச் சுண்ணாம்பை இறக்கி, பாரஃபின் பிளாக்காக்கி, சீவி, சாயமேற்றி, ஸ்லைடை டாக்டர் மேசைக்குக் கொண்டுபோவது வரை என் பாடு. மைக்ரோஸ்கோப் பக்கம் நடப்பது அவர்கள் பாடு.

இப்போது ஒரு பிஜி (மேற்படிப்பு படிக்கும்) டாக்டர் முதன்மை எலும்புக் கட்டிகளை ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறார். எலும்பிலேயே பிறந்த கட்டிகள் மட்டும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், தைராய்டு என்று வேறெங்கோ தொடங்கி எலும்பில் குடியேறியவை கிடையாது. பழைய பதிவேடுகளை எடுத்து எண்ணிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காரணம், அந்தக் காலத்து டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் பிரிவில் நான்தான் மிச்சம்.

எண்ணிப் பார்த்தால் முதலிடத்தில் ஜயன்ட் செல் ட்யூமர் (ராட்சத செல்கள் நிறைந்த எலும்புக் கட்டி) நிற்கிறது. அடுத்து எலும்புப் புற்றான ஆஸ்டியோசர்கோமா. குமிழ் மாதிரி துருத்தும் ஆஸ்டியோகாண்ட்ரோமா அதற்கும் கீழே. மற்ற எலும்புப் புற்றுகளில் ஈவிங் சர்கோமா சொற்பம், காண்ட்ரோசர்கோமா அதைவிடச் சொற்பம். பிஜி டாக்டர் கொண்டுவந்த பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது. சாதுவான (புற்று அல்லாத) கட்டிகளில் ஆஸ்டியோகாண்ட்ரோமாதான் முதல், ஜயன்ட் செல் ட்யூமர் மொத்தத்தில் 5% சுமார் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி பேராசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு "மறுபடி எண்ணுங்கள்" என்று மட்டும் சொன்னார். மறுபடி எண்ணினாலும் அதே வரிசைதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆஸ்டியோசர்கோமா பத்திலிருந்து இருபது வயதில் ஒரு தடவையும் அறுபதுக்கு மேல் இன்னொரு தடவையும் ஏறும் என்கிறது புத்தகம். எங்களிடம் முதல் ஏற்றம் பளிச்சென்று தெரிகிறது, இரண்டாவதைக் காணவே காணோம். அப்புறம், மஜ்ஜையில் வரும் புற்றான மயலோமாவை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? பிரிவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஆர்த்தோ_முரளி:

அக்கா, எங்கள் பக்கமும் இதே கதைதான். முட்டிக்கு மேலே, முட்டிக்குக் கீழே, மணிக்கட்டு. இந்த மூன்று இடத்தில், இருபத்தைந்து முப்பது வயதில், எலும்பின் நுனியில், எக்ஸ்ரேயில் சோப்பு நுரை மாதிரி தெரிந்தால் பெரும்பாலும் ஜயன்ட் செல் ட்யூமர்தான். நான் ஆர்த்தோவில் சேர்ந்த புதிதில் இது அபூர்வ வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டு ரவுண்ட்ஸ் அந்த நினைப்பை மாற்றிவிட்டது. காரணம் என்ன என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும், நானும் காத்திருக்கிறேன்.

ஸ்லைடு_தாத்தா:

நான் பேத்தாலஜியிலிருந்து ஓய்வு பெற்றவன். எலும்பு ஸ்லைடுகளைப் பார்த்தே கண்ணாடிப் பவர் ஏற்றிக்கொண்ட ஆள். கேள்வி கேட்டவர் டெக்னீஷியன் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். பதிவேட்டைத் தொட்டவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

செவ்வந்தி அம்மா, முதலில் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் எண்ணியது பயாப்ஸி எண்களையா, ஆட்களையா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஜயன்ட் செல் ட்யூமர்காரர் உங்கள் லேபுக்கு ஒரே ஒரு தடவை வருவதில்லை. முதலில் ஊசி பயாப்ஸி, அதற்கு ஓர் எண். அப்புறம் கட்டியைச் சுரண்டி எடுத்து சிமென்ட் வைப்பார்கள், சுரண்டியது முழுக்க உங்களிடம் வரும், அதற்கு இன்னோர் எண். இந்தக் கட்டிக்குத் திரும்ப முளைக்கும் குணம் உண்டு. வெறுமனே சுரண்டி விட்டால் பாதிப் பேருக்கு நெருக்கமாகக்கூடத் திரும்பும். பர் என்ற சுழல் கருவி வைத்துக் குடைந்து, ஃபீனால் தடவி, சிமென்ட் அடைத்தால் அது வெகுவாகக் குறையும், ஆனாலும் சுத்தமாக நின்றுவிடாது. திரும்பினால் மூன்றாவது எண். ஆஸ்டியோகாண்ட்ரோமாவோ ஒரு வெட்டு, ஓர் எண், அதோடு சரி. எண்களை எண்ணினால் அடிக்கடி திரும்பி வருகிறவன்தான் ஜெயிப்பான். பெயர், வயது, ஊர், எந்தப் பக்கத்துக் கால் என்று நான்கையும் ஒப்பிட்டு ஆளுக்கு ஒரு கோடு போட்டு மறுபடி எண்ணுங்கள். பேராசிரியர் சொன்ன "மறுபடி" இதுவாகவும் இருக்கலாம், அவர் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்படி எண்ணினாலும் உங்கள் முதலிடம் மாறாது என்றுதான் என் ஊகம். இடைவெளி குறையும்.

அடுத்து ஆஸ்டியோகாண்ட்ரோமா. ஒரு பையனுக்கு முட்டிக்குப் பக்கத்தில் குமிழ் மாதிரி எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. வலி இல்லை. ஆர்த்தோ டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வளர்ச்சி நின்றதும் இதுவும் நின்றுவிடும், தொந்தரவு கொடுத்தால் வா" என்று அனுப்பிவிடுகிறார். சரியான வைத்தியம். ஆனால் உங்கள் பதிவேட்டுக்கு அந்தப் பையன் பிறக்கவே இல்லை. நரம்பை அழுத்தினால், ஒடிந்தால், வளர்ச்சி முடிந்த பிறகும் பெருத்தால், அல்லது கல்யாணத்துக்கு முன்னால் அசிங்கமாகத் தெரிகிறது என்று வீட்டார் சொன்னால் மட்டும் அது கத்தியைப் பார்க்கும். இதைவிடப் பரிதாபம் நான்-ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா என்ற சாதுவான நார்க் கட்டி. வளரும் பிள்ளைகளில் 30% வரை இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தென்படும், தானாக ஆறும், யாரும் தொட மாட்டார்கள். உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா? இருக்காது.

ஆக, ஆஸ்பத்திரிப் பதிவேடு காட்டுவது எலும்பில் எது முளைக்கிறது என்பதை அல்ல. முளைத்தவற்றில் எது வலித்தது, எது ஒடிந்தது, எதை வெட்டினார்கள், வெட்டியதில் எது இந்த ஊரிலேயே தங்கியது என்பதைத்தான். தீசிஸ் எழுதுகிற பிள்ளைகள் "எங்கள் பகுதியில் இந்தக் கட்டி அதிகம் காணப்படுகிறது" என்று முடிவுரையில் ஒரு வரி போட்டுவிடுவார்கள். வைவா மேசையில் நான் அதிகம் சிவப்பு மை கொட்டியது அந்த வரியில்தான்.

புத்தகத்துக் கணக்கு மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? அதுவும் ஆஸ்பத்திரிக் கணக்குதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாலின் என்ற பேத்தாலஜிஸ்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்த்த தொகுப்பில் ஆயிரக்கணக்கான கட்டிகள் இருக்கின்றன. அவையும் அறுவை செய்து ஸ்லைடாக வந்தவைதான். அந்த ஊர் நோயாளிகள், அந்த ஊர் வழக்கங்கள்.

சரி, அப்படியானால் நம் ஊரில் ஜயன்ட் செல் ட்யூமர் அதிகம் என்பது வெறும் மாயையா? இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். மேலை நாட்டு ஆஸ்பத்திரித் தொகுப்புகளில் அது 5% பக்கம், சீனாவிலும் தென்னிந்தியாவிலும் 20% வரை என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். தென்னிந்தியாவின் ஜயன்ட் செல் ட்யூமர்களைப் பற்றி 1974 இலேயே அமெரிக்க எலும்பு அறுவை இதழில் கட்டுரை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரிக் கணக்கு என்பதால் பாதி ஓட்டை இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும், கழித்துக்கொள்ளலாம். நம் மக்களில் இருபது முதல் நாற்பது வயதுக்காரர்கள் அதிகம், இந்தக் கட்டி வருவதும் அந்த வயதில்தான். அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இதையெல்லாம் கழித்தாலும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு வழி உண்டு. ஜயன்ட் செல் ட்யூமரை ஆஸ்டியோகாண்ட்ரோமாவோடு ஒப்பிடாதீர்கள், ஆஸ்டியோசர்கோமாவோடு ஒப்பிடுங்கள். இரண்டுமே வலிக்கும், வீங்கும், எலும்பை ஒடிக்கும். யாரும் வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அந்த விகிதம்தான் ஓரளவு நம்பத்தக்கது.

அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பதினாலு வயதுப் பையன், தொடை எலும்பின் கீழ் முனை, எக்ஸ்ரேயில் சூரியக் கதிர் மாதிரி எலும்பு சிதறி நிற்கிறது, ஓரத்தில் காட்மன் முக்கோணம் (கட்டி எலும்பின் மேலுறையைத் தூக்குவதால் தெரியும் முக்கோண நிழல்). விவரமுள்ள ஆர்த்தோ டாக்டர் அன்றைக்கே கடிதம் எழுதிச் சென்னைக்கோ மும்பைக்கோ கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். தான் பயாப்ஸி எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. ஜயன்ட் செல் ட்யூமர் என்றால் "இதை நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்று வார்டில் சேர்த்துக்கொள்வார். ஆக மாவட்டக் கல்லூரிப் பதிவேட்டில் ஜயன்ட் செல் ட்யூமர் தூக்கலாகவும், கேன்சர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஆஸ்டியோசர்கோமா தூக்கலாகவும் நிற்கும். இரண்டுமே பொய் சொல்லவில்லை.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். ஆஸ்டியோசர்கோமா உலக அளவில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு மூன்று என்ற அளவில் வருகிறது. உங்கள் மாவட்டத்தில் இருபது லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஆறு. உங்கள் பதிவேட்டில் அதைவிடக் குறைவாக இருந்தால் மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி. ஆர்த்தோ வெளிநோயாளர் பிரிவில் மேற்பரிந்துரைப் புத்தகம் (வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களை எழுதி வைப்பது) என்று ஒன்று இருக்கும், அதையும் பிஜி டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தீசிஸுக்கு அதில் ஒரு நல்ல அத்தியாயம் இருக்கிறது.

ஜயன்ட் செல் ட்யூமருக்கு இந்த மாதிரி ஒப்பீடு செய்வதே கஷ்டம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் நடத்தும் சென்னைப் பதிவேடு மாதிரி மக்கள்தொகைப் பதிவேடுகள் புற்றுநோயை எண்ணுவதற்காக ஏற்பட்டவை. இந்தக் கட்டியோ சாதுவும் இல்லை புற்றும் இல்லை என்ற நடுச் சங்கேத எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் அங்கே ஏறாது. ஸ்வீடன் மாதிரி ஓரிரு நாடுகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் வருகிறது. நமக்கு உங்கள் மாதிரி ஆட்கள் எண்ணும் ஆஸ்பத்திரிப் பதிவேடுதான் கதி. அதனால்தான் அதை ஒழுங்காக எண்ண வேண்டும் என்று இத்தனை நீட்டுகிறேன்.

இரண்டாவது ஏற்றம் எங்கே என்று கேட்டீர்கள். மேலை நாட்டில் வயதானவர்களுக்கு வரும் ஆஸ்டியோசர்கோமாவில் ஒரு பங்கு, எலும்பு தாறுமாறாகத் தடித்து உருக்குலையும் பேஜட் நோயின் மேல் முளைப்பது. பேஜட் நோய் பிரிட்டனிலும் பிரிட்டிஷ் வம்சாவளியினர் குடியேறிய நாடுகளிலும் அதிகம், ஆசியாவில் அரிது. இன்னொரு பங்கு பழைய கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வருவது. இரண்டும் இங்கே குறைவு. அறுபதைத் தாண்டியவர்களும் நம் மக்கள்தொகையில் இதுவரை குறைவாகவே இருந்தார்கள். அந்த வயதில் எலும்பில் ஓட்டை தெரிந்தால் பரவிய புற்றோ மயலோமாவோ என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள், தேடவும் வேண்டும். ஈவிங்கும் இப்படி இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்காவில் வெள்ளையர்களுக்கு வருவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் கறுப்பினத்தவருக்கு வருகிறது. ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரிகள், அப்படியும் அந்த வித்தியாசம். அதற்கு ஆஸ்பத்திரி வழக்கத்தைக் காரணம் சொல்ல முடியாது, பரம்பரை விஷயம்.

மயலோமா: மேயோ தொகுப்பு அதைச் சேர்த்தது, அங்கே அதுதான் முதலிடம். எலும்பு மஜ்ஜையின் இரத்த நோய் என்று பல பேர் சேர்ப்பதில்லை. என் யோசனை, சேர்க்காதீர்கள். கொள்கைக்காகச் சொல்லவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் மயலோமா பெரும்பாலும் மஜ்ஜை உறிஞ்சி எடுத்து இரத்தவியல் பிரிவில் உறுதியாகும். உங்கள் பதிவேட்டுக்கு வருவது முதுகெலும்பு நொறுங்கி, என்னவென்று தெரியாமல் பயாப்ஸி எடுத்த சிலது மட்டும். அதை வைத்துச் சதவீதம் போட்டால் எதற்கும் உதவாது.

மணிக்கட்டு_மலர்:

தாத்தா சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, நானே அந்த மூன்று எண்காரி. இருபத்தெட்டு வயதில் வலது மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் வீக்கம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். அப்புறம் பட்டை கட்டினேன். ஒரு கிளினிக்கில் நரம்பு முடிச்சு என்றார்கள். பால் பாக்கெட்டைத் தூக்கும்போது "சடக்" என்றது, அன்றைக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தேன். முன்கையின் ரேடியஸ் எலும்பின் நுனி முட்டை ஓடு மாதிரி மெலிந்து ஊதியிருந்தது.

முதலில் எங்கள் ஊரில் சுரண்டி சிமென்ட் வைத்தார்கள். அது திரும்ப வந்தது. பிறகு வேறு ஊரில் அந்த எலும்பு முனையையே எடுத்துவிட்டு, காலிலிருந்து ஃபிபுலா எலும்பின் மேல்பகுதியை எடுத்து அங்கே வைத்துத் தகடு போட்டார்கள். காலில் எலும்பை எடுத்தால் எப்படி நடப்பேன் என்று நான் அழுத அழுகை! எடையைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பான டிபியாதான், ஃபிபுலாவுக்கு அதில் சிறிய பங்குதான் என்று சர்ஜன் படம் போட்டுக் காட்டினார். இப்போது நன்றாக நடக்கிறேன். மணிக்கட்டு முழுசாக மடங்காது, தோசை திருப்ப இடது கை, மற்றபடி எல்லா வேலையும் செய்கிறேன். ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணக்கில் இரண்டு ஊர்ப் பதிவேட்டிலும் என் பெயர் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அப்புறம் இது புற்றுநோய் இல்லை என்றால் நுரையீரலை ஏன் பார்க்கிறார்கள்?

ஸ்லைடு_தாத்தா:

மலரம்மா, இரண்டு ஊர்ப் பதிவேட்டை ஒட்டவைக்க இன்றைக்கு வழியே இல்லை. இரண்டாவது ஊர் டாக்டர் படிவத்தில் "முன்பு அறுவை செய்தது, திரும்பி வந்தது" என்று எழுதியிருந்தால் நீங்கள் அங்கே திரும்பி வந்தவராக எண்ணப்படுவீர்கள். எழுதாமல் விட்டால் புதியவர். படிவத்தில் அந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்படும் டாக்டர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நுரையீரல் கேள்விக்கு: இந்தக் கட்டி சுமார் 2 முதல் 3% பேருக்கு நுரையீரலுக்குப் போகும். போனாலும் பெரும்பாலும் மெதுவாகவே வளரும், சில சமயம் அப்படியே நின்றுவிடும். திரும்பி வந்த கட்டிக்கும் மணிக்கட்டுக் கட்டிக்கும் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆண்டுதோறும் எடுக்கும் அந்த எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள்.

கடைத்தெரு_கணேசன்:

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், டாக்டர் சமாச்சாரம் தெரியாது. என் பையனுக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் கால்பந்து ஆடும்போது முட்டியில் அடிபட்டது. அதிலிருந்து முட்டிக்குக் கீழே வலி என்கிறான், கொஞ்சம் புடைப்பாகவும் இருக்கிறது. பக்கத்து ஊரில் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போடலாம் என்று அம்மா சொல்கிறார். இதையெல்லாம் படித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அடிபட்டால் எலும்பில் கேன்சர் வருமா? வீட்டுக்கு எதிரே செல்ஃபோன் டவர் வேறு இருக்கிறது.

ஆர்த்தோ_முரளி:

கணேசன் அண்ணா, பயப்படாதீர்கள், அதே நேரம் தள்ளியும் போடாதீர்கள்.

அடிபடுவதால் எலும்புக் கட்டி வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டியை அடி காட்டிக்கொடுக்கும். மெலிந்த எலும்பு லேசான அடிக்கே வலிக்கும், அன்றைக்குத்தான் வீட்டில் கவனிப்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் எங்காவது அடிபடாத வாரமே கிடையாது, அதனால் கேட்டால் எல்லோருக்கும் ஒரு அடி ஞாபகம் இருக்கும். செல்ஃபோன் டவருக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று கிடையாது. நிரூபணமான காரணங்கள் வேறு. உடம்புக்குள் போன ரேடியம், கதிர்வீச்சுச் சிகிச்சை, கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி வந்த பிள்ளைகளின் மரபணுக் கோளாறு, பி53 மரபணுக் கோளாறுள்ள குடும்பங்கள். 1920களில் அமெரிக்காவில் கடிகார முள்ளுக்கு ரேடியம் சாயம் பூசிய பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள், அவர்களில் பலருக்கு எலும்பில் சர்கோமா வந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி எந்தக் காரணமும் அகப்படுவதில்லை.

உங்கள் பையன் வயதில், ஓடியாடும் பிள்ளைக்கு, முட்டிச் சில்லுக்குக் கீழே புடைப்போடு வலி என்றால் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற சாதாரணத் தொந்தரவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆடினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். ஆனால் அதை நான் இங்கே உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. ஓய்விலும் வலித்தால், ராத்திரி வலியில் விழித்துக்கொண்டால், புடைப்பு பெருத்துக்கொண்டே போனால் இன்றைக்கே போங்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாத எலும்பு வலியோ வீக்கமோ இருந்தால் 48 மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுக்க யோசிக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நம் ஊரில் எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் எடுத்துவிடலாம்.

எக்ஸ்ரே பார்ப்பதற்கு முன் நீவுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நீவி நீவி மாதக்கணக்கில் காலம் போன பிறகு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்டியோசர்கோமா வேறெங்கும் பரவுவதற்கு முன் பிடிபட்டால், கீமோவும் அறுவையும் சேர்த்து நூற்றுக்கு அறுபது எழுபது பேரைக் காப்பாற்ற முடிகிறது. கீமோ வருவதற்கு முன்பு, காலையே எடுத்தும்கூட, இருபது பேர்தான் பிழைத்தார்கள். காலும் பெரும்பாலும் தப்புகிறது. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியிலிருந்தே அளவெடுத்துச் செய்த உலோக எலும்பை உள்ளே வைத்து வந்தவர்.

தாத்தா சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், பயாப்ஸி விஷயம். கடைசி அறுவையைச் செய்யப்போகும் சர்ஜனே பயாப்ஸியையும் எடுக்க வேண்டும். ஊசி போன பாதையை அறுவையின்போது சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். தப்பான பக்கத்தில் கீறி வைத்துவிட்டால் காப்பாற்றக்கூடிய கால் போய்விடும். பாஸ்டனில் மேன்கின் என்ற எலும்பு சர்ஜன் 1982 இல் 329 பேரை வைத்தும், 1996 இல் 597 பேரை வைத்தும் எழுதிய கட்டுரைகள் சொல்வது இதையேதான். முதல் கட்டுரையில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்குத் தேவையில்லாமல் காலோ கையோ போயிருந்தது. கண்டிப்பாகச் சொல்லி எழுதியும், பதினாலு வருடம் கழித்து நிலைமை பெரிதாக மாறவில்லை.

கடைத்தெரு_கணேசன்:

ரொம்ப நன்றி தம்பி. நாளைக்குக் காலையில் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

செவ்வந்தி_லேப்:

தாத்தா சார், நீங்கள் சொன்னபடி ஆட்களாக எண்ணத் தொடங்கினேன். ஜயன்ட் செல் ட்யூமர் நிஜமாகவே இறங்குகிறது, ஆனாலும் முதலிடத்தை விடவில்லை. ஆர்த்தோ பிரிவு மேற்பரிந்துரைப் புத்தகத்தையும் கேட்டிருக்கிறோம். சிஸ்டர் தேடித் தருவதாகச் சொன்னார்.

நடுவில் வேறு சிக்கல்கள் வந்தன. பழைய பதிவேடுகளில் ஆஸ்டியோகிளாஸ்டோமா, எக்ஸாஸ்டோசிஸ், ரவுண்ட் செல் சர்கோமா, மேலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்றெல்லாம் இருக்கிறது. இவற்றை எந்தக் கட்டத்தில் போடுவது? சமீபத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் பயாப்ஸியில் ஜயன்ட் செல் ட்யூமர், ஊசி மருந்து போட்ட பிறகு எடுத்த துண்டில் ஃபைப்ரோ ஆஸியஸ் (நாரும் எலும்பும் கலந்த) கட்டி என்று முடிவு வந்திருக்கிறது. ஒரே இடம், ஒரே ஆள்! தாடை எலும்புக் கட்டிகளும் கொஞ்சம் இருக்கின்றன, அவற்றை எங்கே வைப்பது?

இன்னொன்று, இது என் வேலை பற்றியது. சில பழைய பிளாக்குகளை மறுபடி சீவி சிறப்புச் சாயம் போட்டால் எதுவுமே ஏறவில்லை, எல்லாம் ஒரே ரோஸ் கலர்.

ஸ்லைடு_தாத்தா:

கடைசியிலிருந்து வருகிறேன். அந்தப் பிளாக்குகள் ஆசிடில் அதிக நேரம் கிடந்தவை. நைட்ரிக் ஆசிட் வேகமாக வேலை செய்யும், அந்த வேகத்தில் செல்லின் உட்கருவையும் தின்றுவிடும். அப்புறம் ஈவிங்கை அடையாளம் காண உதவும் சிடி99 சாயம் போட்டாலும் வராது, மரபணுச் சோதனைக்கும் உதவாது. ஃபார்மிக் ஆசிட் மெதுவானது, பரவாயில்லை. மூலக்கூறு சோதனைக்குப் போகும் என்று தெரிந்தால், சுண்ணாம்பை மெல்ல இறக்கும் ஈடிடிஏ கரைசல்தான், நாள் பிடித்தாலும். அதைவிட எளிய வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. எலும்புத் துண்டோடு மெத்தென்ற சதை கொஞ்சமாவது வரும். அதை முதலிலேயே பிரித்து ஆசிட் படாமல் தனி பிளாக் போடுங்கள். ஈவிங்கில் பதினோராம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதைக் காட்டப்போவது அந்தப் பிளாக்தான். எந்தப் பிளாக்குக்கு எந்த ஆசிட், எத்தனை மணி நேரம் என்று பதிவேட்டில் ஒரு கட்டமும் போடுங்கள். டாக்டர்கள் யாரும் உங்களிடம் இதைக் கேட்க மாட்டார்கள், நீங்களே போடுங்கள்.

பழைய பெயர்கள். ஆஸ்டியோகிளாஸ்டோமா என்பது ஜயன்ட் செல் ட்யூமர்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். அந்தக் காலத்தில் ஜயன்ட் செல் தெரிந்தாலே அந்த முத்திரை குத்திவிடுவார்கள். 1940 இல் அமெரிக்கப் பேத்தாலஜிஸ்டுகள் ஜாஃபேயும் லிக்டன்ஸ்டைனும் மற்றவற்றைப் பிரித்துக் காட்டினார்கள் என்றாலும் எல்லா லேபுக்கும் அது போய்ச் சேரக் காலம் பிடித்தது. வயது இருபதுக்குக் கீழே, இடம் எலும்பு நுனியில் இல்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பு என்றால் ஸ்லைடை வெளியே எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அனுரிஸ்மல் போன் சிஸ்ட், காண்ட்ரோபிளாஸ்டோமா என்ற வேறு எலும்புக் கட்டிகள் இருக்கும், ஜயன்ட் செல் நிறைந்த ஆஸ்டியோசர்கோமாவும் ஒளிந்திருக்கலாம். பாராதைராய்டு சுரப்பி மிகுந்ததால் வரும் பிரவுன் ட்யூமர் ஸ்லைடில் அப்படியே ஜயன்ட் செல் ட்யூமர் மாதிரி இருக்கும். இரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தால்தான் பிடிபடும். நம் நாட்டில் பாராதைராய்டு நோய் எலும்பைத் தின்ற பிறகுதான் பல பேருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது, அதனால் இது புத்தகத்து அபூர்வம் இல்லை. உங்கள் முதலிடத்தில் இவை எத்தனை கலந்திருக்கின்றன என்று பார்க்காமல் தீசிஸை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

எக்ஸாஸ்டோசிஸ் ஆஸ்டியோகாண்ட்ரோமா கட்டத்துக்குப் போகலாம், விரல் நகத்துக்கு அடியில் வருவது மட்டும் தனி. ரவுண்ட் செல் சர்கோமா என்று மட்டும் எழுதியிருந்தால் ஈவிங் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாவாகவும் இருக்கலாம். பிளாக் சாயம் ஏற்றால் சோதியுங்கள், இல்லையென்றால் "வகைப்படுத்த இயலாதது". மேலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்ற பெயரே இப்போது வழக்கில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முதல் எலும்புக் கட்டி வகைப்பாடு 1972, இப்போது நடப்பது 2020 இன் ஐந்தாம் பதிப்பு. எல்லாவற்றையும் 2020 வகைப்பாட்டுக்கு மாற்றினோம் என்று முறைமைப் பகுதியில் ஒரு வரி எழுதினால் போதும்.

அந்தப் பெண்ணின் ஊசி, இந்தக் கட்டிக்குப் போடும் டெனோசுமாப் என்ற மருந்தாக இருக்கும். அது போட்டால் ஜயன்ட் செல்கள் காணாமல் போய் புது எலும்பு இழைகள் உருவாகும். படிவத்தில் மருந்து பெயர் இல்லாவிட்டால் பெரிய பேத்தாலஜிஸ்டும் தடுமாறுவார். அவரை ஜயன்ட் செல் ட்யூமர் என்றே ஒரு ஆளாக எண்ணுங்கள். இருக்கும் துண்டில், இந்தக் கட்டியின் மரபணு மாற்றத்தைக் காட்டும் ஜி34டபிள்யூ சாயம் போட வசதியிருந்தால் உறுதியாகிவிடும்.

தாடை எலும்பு தனி உலகம். அங்கே வருவதில் பெரும்பகுதி பல் சார்ந்த கட்டிகள், அதிலும் பாதிக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கும். தாடையில் ஜயன்ட் செல் தெரிந்தால் அது பெரும்பாலும் ஜயன்ட் செல் கிரானுலோமா, உங்கள் முட்டிக் கட்டி இல்லை. அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்தோம் என்று எழுதுங்கள். மண்டையோடு, முதுகெலும்பு, இடுப்பு இருக்கட்டும்.

ஆட்களாக எண்ணி முடித்ததும் வயது, பால், எந்த எலும்பு, எலும்பில் எந்தப் பகுதி என்ற நான்கையும் இங்கே போடுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். நான் உட்கார்ந்து பார்க்கிறேன், மத்தியான நேரம் எனக்குச் சும்மாதான் போகிறது.